ரெஸ்ட்டின் பூட்டை இறுக்கினால் குறி நகர்கிறது: உயரத் திருகைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள்

லாஸ்பேட்டை_177:
எல்லோருக்கும் வணக்கம். மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். எந்தப் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) அவள் ரைபிளுக்கு ஒத்துவருகிறது என்று சோதித்துப் பார்க்க ரைபிளைத் தாங்கி நிறுத்துகிற ஒரு ரெஸ்ட் தேவைப்பட்டது, தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பழையது ஒன்று கைமாறி வந்தது. மூன்று கால் உள்ள அலுமினிய வார்ப்பு அடி, நடுவில் எம்24 (24 மி.மீ.) மரை போட்ட இரும்புத் தண்டு, அதைத் தூக்க ஒரு பெரிய கைச்சக்கரம், மேலே தோல் மணல் பை. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, வேலைதான் செய்யவில்லை.

சக்கரம் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் கரகரவென்று சிக்குகிறது. எப்படியோ உயரத்தைச் சரியாக வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற பூட்டுத் திருகை இறுக்கினால் குறி நகர்ந்துவிடுகிறது. ஒன்பதாம் வட்டத்தில் நின்றது ஏழுக்குப் போய்விடும். தளர்த்தினால் திரும்பி வருகிறது, ஆனால் அதே இடத்துக்கு வருவதில்லை. போதாததற்குத் தண்டு முழுக்கத் துரு. மொத்தத் தண்டையும் மாற்றிவிடலாமா, இல்லை இதையே தேற்ற முடியுமா?

முதுநகர்_பட்டறை:
மாற்றுவதற்கு முன் சில கேள்விகள். சக்கரத்தைச் சுற்றும்போது தண்டும் கூடவே சுற்றுகிறதா, சுற்றாமல் மேலே மட்டும் வருகிறதா? பூட்டுத் திருகின் முனை எதைப் போய் அழுத்துகிறது, மரையையா, வேறு ஏதாவது சமமான இடத்தையா? தண்டை முழுதாகக் கழற்றி, சிக்குகிற இடத்தை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்.

லாஸ்பேட்டை_177:
கழற்றிப் பார்த்தேன் அண்ணா. தண்டு சுற்றவில்லை, அதில் நீளவாக்கில் ஒரு காடி இருக்கிறது, அடியிலிருந்து ஒரு சின்ன முளை அந்தக் காடியில் உட்கார்கிறது. பூட்டுத் திருகு நேராக மரையின் மேல்தான் அழுத்துகிறது. சிக்குகிற இடத்தில் நாலைந்து மரை தட்டையாக நசுங்கி, ஓரத்தில் பிசிறு நிற்கிறது, நகம் மாட்டுகிறது. பூட்டுத் திருகு போகிற ஓட்டையிலும் அலுமினிய மரை பாதி போய்விட்டது, கொஞ்சம் அதிகமாக இறுக்கினால் வழுக்குகிறது.

முதுநகர்_பட்டறை:
நினைத்தேன். இது தண்டின் குற்றமில்லை, பூட்டின் குற்றம். எஃகுத் திருகின் கூர்முனையை மரை மேல் வைத்து ஒருவர் ஆண்டுக்கணக்காக இறுக்கியிருக்கிறார். எல்லோரும் சுடுகிற மேசையின் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் நசுங்குவதும் அதே நாலைந்து மரைதான்.

முதலில் பிசிறு. எம்24 மரை வெட்டுகிற டை சின்னப் பட்டறைகளில் கிடைப்பது கஷ்டம், அதைத் தேடி அலையாதீர்கள். முக்கோண அரம் ஒன்றை எடுத்து, பிசிறு நிற்கிற இடத்தை மட்டும் மரைச் சரிவோடு சேர்த்து மெல்லத் தேய்த்துவிடுங்கள். அப்புறம் சாதாரண எம்24 நட் ஒன்றை வாங்கி, ஒரு பக்கம் மட்டும் ஹேக்ஸாவால் குறுக்கே அறுத்துவிடுங்கள். வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்டைத் தண்டில் தடவி, அறுத்த நட்டை மேலும் கீழும் ஓட்டுங்கள். சுலபமாக ஓடத் தொடங்கியதும் அறுத்த வாயை வைஸில் வைத்து லேசாக நெருக்கி மறுபடி ஓட்டலாம். முடிந்ததும் மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள், பேஸ்ட் ஒரு துளி மிஞ்சினாலும் அது சக்கரத்தின் மரையைத் தின்றுவிடும்.

பூட்டு ஓட்டை எட்டு எம்எம் திருகுக்கு உரியதாக இருந்தால் அதை 8.5 ட்ரில்லால் பெரிதாக்கி எம்10 டேப் போட்டுப் புது மரை வெட்டிவிடலாம். இதில் ஒரு வசதி இருக்கிறது, 8 எம்எம் பித்தளைக் கம்பி எம்10 ஓட்டைக்குள் தாராளமாகப் போகும். அதில் ஒரு துண்டு வெட்டி முதலில் ஓட்டைக்குள் போட்டு, அதன் பின்னால் திருகை விடுங்கள். இனிமேல் மரையை அழுத்துவது பித்தளை, நசுங்கினால் அது நசுங்கட்டும். ஒருமுறை இறுக்கியதும் மரையின் அச்சு அதிலேயே பதிந்துவிடும், பிடியும் நன்றாக இருக்கும்.

பாகூர்_மேக்கர்:
இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் 3டி பிரிண்டரில் வருகிற டி8 லீட் ஸ்குரூ (8 மி.மீ. மரைக் கம்பி) ஒன்றை நட்டோடு வாங்கிப் போட்டுவிடலாமே? ஆன்லைனில் மலிவு. ஸ்டெப்பர் மோட்டார் வைத்தால் பட்டனைத் தட்டினாலே ஏறும் இறங்கும். என்னிடம் ஒரு செட் சும்மா கிடக்கிறது.

நெய்வேலி_ஃபிட்டர்:
தம்பி, அந்த டி8 கம்பியில் பெரும்பாலும் வருவது நான்கு மரை பின்னிய ரகம். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. ஏறும். பிரிண்டருக்கு வேகம் வேண்டும், அதற்கு அது சரி. இங்கே அதன் மேல் ரைபிளை வைத்துக் கையை எடுத்தால் தானாகச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும், மரையின் சரிவு அவ்வளவு அதிகம். மோட்டாருக்கு எப்போதும் கரண்ட் கொடுத்துப் பிடித்து நிற்க வைக்க வேண்டியிருக்கும், மோட்டார் அதிர்வு குறியில் தெரியும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ரைபிளின் பின்கட்டை ஒரு பையில் இருக்கிறது, முன்பக்கம் ரெஸ்ட்டில். இரண்டுக்கும் நடுவே அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பலகை 10 மீட்டரில். அப்படியானால் ரெஸ்ட்டில் 1 மி.மீ. ஏற்றினால் அட்டையில் ஏறக்குறைய 20 மி.மீ. நகரும். 10 மீட்டர் ரைபிள் அட்டையின் வெளிவட்டமே 45.5 மி.மீ. குறுக்களவுதான், நடுப்பத்து வெறும் அரை மி.மீ. புள்ளி. எம்24 சாதா மரை ஒரு சுற்றுக்கு 3 மி.மீ., அதாவது அட்டையில் 60 மி.மீ. டி8 போட்டால் ஒரு சுற்றுக்கு 160.

இதையே திருப்பிப் பாருங்கள். இழை தொடங்கியவர் ஒன்பதிலிருந்து ஏழுக்குப் போகிறது என்றார். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் 2.5 மி.மீ., இரண்டு வட்டம் 5 மி.மீ. ரெஸ்ட்டில் அது கால் மி.மீ. ஜெராக்ஸ் தாள் இரண்டரை கனம். மேல் பகுதி அவ்வளவுதான் அசைகிறது, கண்ணுக்குத் தெரியாது. அதனால் மரை தேய்ந்துவிட்டது, ஆட்டம் பெரிதாக இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். கால் மி.மீ.யை எங்கே பிடிப்பது என்பதுதான் கேள்வி.

பாகூர்_மேக்கர்:
160 என்று பார்த்ததும் மோட்டார் ஆசை போய்விட்டது சார். 😀 ஒரே மரை உள்ள 2 மி.மீ. டி8 கூட கிடைக்கிறது, ஆனால் கணக்குப்படி அதுவும் 40 வருகிறது. எம்24-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

பத்துமீட்டர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 10 மீட்டர் ரைபிள் நின்று சுடுகிற போட்டி, எந்தத் தாங்கலும் கிடையாது. பள்ளிப் பிள்ளையை மேசையில் உட்கார வைத்து ரெஸ்ட்டில் சுடப் பழக்கினால் நாளைக்கு நிற்கும்போது ரைபிள் ஆடுவதைப் பார்த்துப் பயந்துவிடுவாள். இந்தப் பணத்தில் நல்ல ஷூட்டிங் ஜாக்கெட் பாருங்கள்.

லாஸ்பேட்டை_177:
சார், முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன், பெல்லட் சோதிக்கத்தான். அவள் பயிற்சி எல்லாம் நின்றுதான். ஒரே கம்பெனிப் பெல்லட்டிலேயே 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு மாறி வருகிறது, எது சேர்ந்து விழுகிறது என்று நின்று சுட்டுக் கண்டுபிடிக்க முடியுமா? ஆடியது அவளா, பெல்லட்டா என்றே தெரியாது. ரெஸ்ட்டில் சுடுவது நான்தான், அவள் இல்லை.

பத்துமீட்டர்:
அப்படியானால் சரி. ரைபிள் என்ன ரகம்? காற்றுச் சிலிண்டர் உள்ள பிசிபி என்றால் ரெஸ்ட்டில் எப்படி வைத்தாலும் கவலையில்லை. ஸ்பிரிங் ரகம் என்றால் பிஸ்டன் ஓடும்போது ரைபிள் முன்னும் பின்னும் குதிக்கும், கெட்டியான பை மேல் வைத்தால் ரெஸ்ட் சரியாக இருந்தும் பெல்லட்டுகள் ஒரே இடத்தில் விழாமல் சிதறும். அதற்குக் கையை நடுவில் கொடுத்துத் தளர்வாகத்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் சுடுகிறீர்கள் என்றால் பெல்லட்டைத் தடுக்க நல்ல இரும்புப் பெட்டி வையுங்கள். 0.177 அங்குலக் குழாய், 20 ஜூலுக்குக் கீழே என்றால் லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது.

லாஸ்பேட்டை_177:
பிசிபிதான். மாடியில் சுற்றுச்சுவருக்கு முன்னால் பெட்டி இருக்கிறது, சுடும்போது மாடிக் கதவைப் பூட்டிவிடுவோம்.

முதுநகர்_பட்டறை சொன்னபடி பிசிறு எடுத்துவிட்டேன், சக்கரம் இப்போது சிக்காமல் ஓடுகிறது. பித்தளைத் துண்டும் போட்டாயிற்று. ஆனால் இறுக்கினால் நகர்வது முன்னைவிடக் குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை.

முதுநகர்_பட்டறை:
நிற்காது. பித்தளை மரையைத்தான் காப்பாற்றும். தண்டுக்கும் அதைச் சுற்றியுள்ள அலுமினிய ஓட்டைக்கும் இடைவெளி இருக்கிறதல்லவா, ஒரு பக்கத்திலிருந்து திருகு தள்ளும்போது தண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சாயும். அடியில் மயிரிழை சாய்ந்தால் மேலே பையில் அது கூடும். எந்தப் பக்கத்திலிருந்து எதைக் கொண்டு தள்ளினாலும் கதை இதுதான்.

இதற்கு இரண்டு வேலை. ஒன்று, ஓட்டைக்குள் கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், அதாவது தண்டு இறுக்கமாக ஓடுகிற உறை, அடிக்க வேண்டும். தண்டின் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்காவது நீளம் இருக்கட்டும், இரண்டு மடங்கு என்றால் இன்னும் நல்லது. குட்டையான புஷ்ஷில் தண்டு தலையாட்டும். எங்கள் துறைமுகப் பக்கத்தில் போட் ஷாஃப்ட் புஷ் கடைகிற லேத்துகளில் கன்மெட்டல் துண்டு எப்போதும் கிடக்கும், வாங்கவே வேண்டியதில்லை, கேட்டால் அதிலேயே கடைந்து கொடுத்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் இல்லை என்றால் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் விசாரியுங்கள். தண்டைக் கையோடு கொண்டுபோங்கள், எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், பழைய தண்டின் மரை உச்சி 24 இருக்காது, தேய்ந்து 23.7, 23.8 என்று ஏதாவது இருக்கும்.

இரண்டாவது, பக்கத்துத் திருகை மறந்துவிட்டுச் சுற்றிப் பிடிக்கிற கிளாம்ப். எம்.எஸ். (சாதா எஃகு) ரவுண்டில் ஒரு வளையம் கடைந்து, ஒரு பக்கம் ஹேக்ஸாவால் பிளந்து, பிளவின் குறுக்கே எம்6 ஆலன் போல்ட். வளையத்தை அடியின் கீழ்ப்பக்கம் இரண்டு போல்ட்டில் பூட்டிவிடுங்கள். அலுமினிய வார்ப்பின் கழுத்தையே பிளந்து கிளாம்ப் ஆக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள், வார்ப்பு அலுமினியம் வளைவதற்கு முன் விரிசல் விட்டுவிடும். வளையம் சுற்றிலும் சமமாக நெருக்குவதால் தண்டு எந்தப் பக்கமும் போகாது, அது மரை உச்சியைப் பிடித்தாலும் நசுக்காது.

நெய்வேலி_ஃபிட்டர்:
பட்டறைக்காரர் சொல்வது எல்லாம் சரி, நான் ஒரு படி மேலே போகிறேன். இந்தப் பூட்டு எதற்கு என்று யோசித்தீர்களா? எம்24, 3 மி.மீ. மரை தானாக இறங்காது. போட்டி ரைபிளின் உச்ச எடையே 5.5 கிலோ, ஐம்பது கிலோ வைத்தாலும் அது இறங்காது. ஆகவே பூட்டு தண்டு இறங்காமல் தடுக்க இல்லை, அதன் ஆட்டத்தை எடுக்க மட்டும்தான். அதற்குக் கெட்டியாக இறுக்க வேண்டிய தேவையே இல்லை. கிளாம்ப்பைப் பாதி இறுக்கத்தில் வைத்துவிடுங்கள், சக்கரம் கொஞ்சம் கனமாகச் சுற்றும், சுற்றட்டும். அந்த நிலையிலேயே உயரத்தை வையுங்கள், அதற்குப் பிறகு கிளாம்ப்பைத் தொடவே கூடாது. எல்லோரும் திருகிவிட்டுப் பூட்டுகிறார்கள், நீங்கள் பூட்டிவிட்டுத் திருகுங்கள்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. கிளாம்ப் பிடித்திருக்கும்போது சக்கரத்தை இறக்கினால் தண்டு உடனே கூட இறங்காது, பிடியில் தொங்கிக்கொண்டு நிற்கும், சக்கரத்துக்கும் அடிக்கும் நடுவே மெல்லிய சந்து விழும். பெல்லட் போனதும் திடீரென்று உட்காரும். அதனால் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இறக்கி, கடைசி அசைவு மேல்நோக்கியே இருக்கட்டும்.

சக்கரம் கனமாக இருப்பது பிடிக்கவில்லை என்றால் அதற்கும் அடிக்கும் நடுவில் ஏஎக்ஸ்கே 2542 நீடில் திரஸ்ட் பேரிங் ஒன்று போடுங்கள். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 42, கனம் 2 மி.மீ.தான். எம்24 தண்டு உள்ளே போகும். 51105 பந்து பேரிங்கும் அதே விட்டம், ஆனால் 11 மி.மீ. உயரம், வீணாக ரெஸ்ட் உயர்ந்துவிடும்.

பாகூர்_மேக்கர்:
ஐயா, சக்கரம் ஒரு சுற்றுக்கு 60 மி.மீ. என்றால் ஒரு வட்டம் நகர்த்த 15 டிகிரிதான் திருப்ப வேண்டும். கை நடுங்கினாலே தாண்டிவிடும். எம்10, எம்8 இரண்டு மரையை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, 1.5-இல் 1.25 போனால் மிச்சம் கால் மி.மீ. என்று டிஃபரன்ஷியல் திருகு செய்யலாமா?

நெய்வேலி_ஃபிட்டர்:
செய்யலாம், அழகாக வேலை செய்யும், கடைகிறவருக்குக் கூலி கொடுத்து மாளாது. அதைவிடச் சுலபமானது உங்கள் ரெஸ்ட்டிலேயே இருக்கிறது. மூன்று கால் அடிதானே? ஒற்றைக் கால் உங்களைப் பார்த்து, மற்ற இரண்டும் குறியைப் பார்த்து இருக்கும்படி திருப்பி வையுங்கள். ஒற்றைக் காலின் அடியில் எம்8 திருகு ஒன்றைப் பாதமாகப் போடுங்கள். சமபக்க முக்கோணத்தின் நடுவில் தண்டு இருந்தால், ஒரு முனையை 1 மி.மீ. தூக்கினால் நடு மூன்றில் ஒரு பங்குதான் உயரும். எம்8 ஒரு சுற்றுக்கு 1.25, அதில் மூன்றில் ஒன்று 0.42, அட்டையில் 8 மி.மீ. சொச்சம். ஒரு வட்டத்துக்கு ஏறத்தாழ 110 டிகிரி திருப்பலாம், யார் கையும் அதற்குப் போதும்.

தண்டு கொஞ்சம் முன்னால் சாயுமே என்பீர்கள். சாயும், ஆனால் ரைபிளின் நீளவாக்கில், அது பை மேல் வழுக்கிக்கொள்ளும். குறுக்கே சாய்ந்தால்தான் வம்பு. பெரிய உயரத்துக்குச் சக்கரம், சின்ன உயரத்துக்குக் கால். பாதத்தின் நுனி உருண்டையாக இருக்கட்டும், மேசையில் ஒரு பழைய ஒரு ரூபாயை வைத்து அதன் மேல் நிறுத்துங்கள், இல்லையென்றால் மரத்தில் குழி விழுந்து ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு கணக்கு வரும்.

பத்துமீட்டர்:
இந்தக் கால் விஷயம் எனக்குப் புதிது. விலை உயர்ந்த ரெஸ்ட் வைத்திருக்கிறவர்களே சக்கரத்தைத்தான் தடவிக்கொண்டிருக்கிறார்கள்.

முதுநகர்_பட்டறை:
ஒரு சந்தேகம். பிசிறு சரி, பூட்டால் வந்தது. ஆனால் தண்டு முழுக்கத் துரு என்று எழுதியிருந்தீர்களே, அது எங்கிருந்து? பையில் இருப்பது என்ன மணல்?

லாஸ்பேட்டை_177:
கேட்டதும்தான் பையின் தையலைப் பிரித்துப் பார்த்தேன். சன்னமான மணல், நடுவே சிப்பித் துண்டு, ஒரு சின்னச் சோழி. முன்பு வைத்திருந்தவர் கடற்கரையிலிருந்து அள்ளி நிரப்பியிருக்கிறார் போல. தையல் ஓரத்தில் மணல் கசிந்து மரைக்குள் விழுந்திருக்கிறது, அடியில் சக்கரத்தின் கீழே கிரீஸோடு சேர்ந்து கருப்புச் சாந்தாக இருந்தது.

முதுநகர்_பட்டறை:
அதுதான். கடல் மணலில் உப்பு இருக்கும்வரை அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மழைக்காலத்தில் பையைத் தொட்டால் பிசுபிசுவென்று இருக்கும். அந்தப் பையைத் தண்டின் தலையில் உட்கார வைத்தால் துரு வராமல் என்ன செய்யும். தூக்கிப் போட்டுவிட்டு ஆற்று மணலைச் சலித்து, பலமுறை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காய வைத்து நிரப்புங்கள். மணலுக்கு உள்ளே தனியாக ஒரு துணிப்பை, அதற்கு மேல் தோல் பை, அப்போது கசியாது.

கிரீஸும் மணலும் சேர்ந்தால் அதுவே கிரைண்டிங் பேஸ்ட். அதனால் திறந்த மரையில் கிரீஸ் அப்ப வேண்டாம், எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து விட்டாலே போதும். பேரிங்குக்கு மட்டும் கிரீஸ்.

பாகூர்_மேக்கர்:
துருவைப் பற்றி என்னிடம் கேளுங்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, எங்கள் ஷெட்டில் இருந்த வைஸ், ட்ரில் எல்லாம் முங்கிவிட்டன. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸில் மாற்ற ஆரம்பித்தேன். இந்தத் தண்டையும் எஸ்.எஸ்.ஸில் கடைந்துவிட்டால் என்ன?

நெய்வேலி_ஃபிட்டர்:
எஸ்.எஸ். தண்டுக்கு எஸ்.எஸ். நட் போட்டுவிடாதீர்கள், அதுதான் முக்கியம். இரண்டும் ஒன்றோடொன்று உரசினால் மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சக்கரத்தின் உள்ளே கன்மெட்டலோ பித்தளையோ இருந்தால் பிரச்சனை இல்லை. எஸ்.எஸ். போல்ட்டை நேராக அலுமினிய வார்ப்பில் பூட்டுவதும் நம் கடலோரத்தில் வேண்டாத வேலை, உப்புக் காற்றில் அலுமினியம்தான் அரித்து வெள்ளைத் தூளாகக் கொட்டும். பூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மரையில் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். இப்போது இருக்கிற எஃகுத் தண்டு நேராக இருந்தால் அதை மாற்றவே வேண்டாம், கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள்.

லாஸ்பேட்டை_177:
தண்டு நேராகத்தான் இருக்கிறது, மாற்றவில்லை. லேத்தில் புஷ், வளையம் இரண்டும் ஆயிற்று. கடைகிறவர் முதலில் கிளாம்ப் வளையத்தை அடியில் பூட்டிவிட்டு, பிறகு புஷ்ஷையும் வளையத்தையும் ஒரே பிடியில் வைத்து ஓட்டையைக் கடைந்தார், அப்போதுதான் இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும் என்றார். மணல் மாற்றியாயிற்று. ஒற்றைக் காலில் எம்8 பாதம், ரூபாய் நாணயத்தோடு.

இப்போது கிளாம்ப்பைப் பாதி இறுக்கத்தில் விட்டு ஃபிட்டர் ஐயா சொன்ன மாதிரி மேல்நோக்கி முடித்தால், ஸ்கோப்பின் குறுக்குக்கோடு வைத்த இடத்தில் நிற்கிறது. விரலால் மேசையைத் தட்டினால் ஆடி, திரும்ப அதே இடத்துக்கு வருகிறது. வேண்டுமென்றே கிளாம்ப்பை முழுதாக இறுக்கிப் பார்த்தேன், கோட்டின் கனம் அளவுக்கு மட்டும் அசைகிறது. 4.50 பெல்லட் ஐந்தும் ஒரே கிழிசலாக விழுந்தன, 4.51 இரண்டு பிரிந்து போயின. இத்தனை நாள் இந்த வித்தியாசம் கண்ணில் படவே இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. பேரிங் போட்ட பிறகும் சக்கரம் ஒரு சுற்றில் ஒரே இடத்தில் லேசாகக் கனக்கிறது.

நெய்வேலி_ஃபிட்டர்:
எந்த உயரத்திலும் சக்கரத்தின் அதே பக்கம் வரும்போது கனக்கிறதா? அப்படியென்றால் சக்கரத்தின் அடிமுகம் மரைக்குச் செங்குத்தாக இல்லை. சக்கரத்தைத் தண்டில் ஏற்றியபடியே லேத்தில் பிடித்து அடிமுகத்தை ஒரு வெட்டு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். தனியாகச் சக்கரத்தை மட்டும் சக்கில் பிடித்தால் மறுபடியும் கோணலாகத்தான் வரும்.

வெள்ளிக்கடற்கரை:
இழையை முழுக்கப் படித்தேன், என்னிடமும் இதே மாதிரி ஒரு ரெஸ்ட் இருக்கிறது, அதே பூட்டு, அதே நசுங்கல். அந்த 2542 பேரிங் கடலூரில் கிடைக்குமா, ஆர்டர்தான் போட வேண்டுமா?

முதுநகர்_பட்டறை:
பேரிங் கடையில் எண்ணைச் சொல்லுங்கள், இல்லையென்றாலும் வரவழைத்துத் தருவார்கள். பேரிங்கோடு வாஷர் வராது, ஏஎஸ் 2542 என்று கேட்டு இரண்டு தனியாக வாங்குங்கள். அது இல்லாமல் நீடிலை நேராக அலுமினியத்தின் மேல் ஓடவிட்டால் கொஞ்ச நாளில் தடம் விழுந்துவிடும். வாஷர் ஒவ்வொன்றும் 1 மி.மீ., மொத்தம் 4 மி.மீ. உயரம் கூடும், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு தண்டின் நீளத்தைப் பாருங்கள்.